நான்கு காரணங்களும் நானூற்றுப் பதினேழு பெயர்களும்

1

பினாங்குக்கு வந்து நேற்றோடு நான்கு ஆண்டு நிறைந்தது. நாளாகச் சொன்னால் ஆயிரத்து நானூற்று அறுபத்தொன்று; நடுவில் ஒரு லீப் ஆண்டு வந்துவிட்டது. வீட்டில் வேறு யாருக்கும் இது நினைவில்லை. எனக்கும் மற்ற நாள்களைப் போல முழங்கால் வலியோடுதான் விடிந்தது. படியிறங்கித் தெருமுக்கு வரை இருநூற்றுப் பதினாறு அடி நடந்தேன், திரும்பி வந்தேன், பத்திரிகைக்காரன் இன்றும் தாமதம் என்று முணுமுணுத்தேன். இதை நம் ஊர் வாசகசாலைக்குத்தான் அனுப்பப்போகிறேன்; அங்கே படிக்கிறவர்கள், வெளிநாட்டில் நான் மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டில் மகன் சிதம்பரம் ஒரு பேச்சை எடுத்தான். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், அவன் மூட்டைக் கணக்கர்களுக்குத் தலைவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகள் கிட்டங்கிக்குள் போகும்போது எண்ணிக் குறிப்பது அவன் பிரிவின் வேலை. எண்ணுவது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருகிற வியாதி.

"ஒரு ஆள் எடுக்கணும்ப்பா. ரெண்டு பேர் வந்திருக்காங்க. ஒருத்தன் ஆம்பளை, ஒண்ணு பொண்ணு. வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு நான் சொல்லணும். ஆம்பளையே தேவலைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றான்.

"ஏன்?" என்றேன்.

"வெயில்ல நிக்க முடியாது. தனியா கப்பலடிக்கு அனுப்ப முடியாது, துணைக்கு ஒருத்தர் போகணும். திடீர்னு லீவு கேப்பாங்க."

அவன் அம்மா ரசத்தை ஊற்றப் போனவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "நாலாவதைச் சொல்லு" என்றாள்.

"நாலாவதா? தப்புப் பண்ணினா, ஆம்பளையை அதட்டுற மாதிரி அதட்ட முடியாது."

அவள் சிரித்த சிரிப்பில் ரசம் மேசை விரிப்பில் சிந்தியது. "கேட்டீங்களா? ஒங்க காகிதத்தைப் பாத்து எழுதுனாப்புல இருக்கு. அந்தக் காகிதம் எழுதுறப்ப இவனுக்கு இருபது வயசுகூட ஆகலை. யாரு சொல்லிக் குடுத்தா?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்தது. அந்த நான்கு காரணங்களையும், இதே வரிசையில், ஒரு வெள்ளைத்தாளில் எண்ணிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

2

நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்கு முந்தைய சமயம். புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்தது போய், திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நான் தாலுகா அலுவலக எழுத்தன். கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் என் சொந்த ஊரையும் சேர்த்து நான்கு ஊர்களுக்கு வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் மேற்பார்வை என்னிடம் வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் ஏற வேண்டும். ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் என்ற வேற்றுமை இல்லை.

வீடு வீடாகப் போக எட்டுப் பேர் எனக்கு அனுமதி. ஆறு ஆண்கள், இரண்டு ஆசிரியைகள் என்று பட்டியல் வந்தது. ஆசிரியைகளில் ஒருவர் சவேரியம்மாள். ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தார். முப்பது வயதிருக்கும். எதிரே வருகிறவரைப் பார்த்துத் தலை குனிகிற பழக்கம் கிடையாது. அந்த ஒரு காரணத்தை மட்டும் நான் காகிதத்தில் எழுதவில்லை.

மற்ற நான்கையும் எழுதி, பெண்கள் வேண்டாம், எட்டும் ஆண்களாகவே தருக என்று அனுப்பினேன். கேட்டபடியே கிடைத்தது.

ஆண்கள் ஒன்பது நாளில் முடித்தார்கள். எங்கள் அலுவலகத்தில் முதலில் முடித்தவன் நான்தான். மூன்று பேர் வந்து கை குலுக்கினார்கள். பட்டியல் மேலே போனது. பதினோராம் நாள் திரும்பி வந்தது.

நீலப் பென்சிலால் குறிப்பு இருந்தது. ஆயிரத்து நூற்று இருபத்தாறு பெண்களில் நானூற்றுப் பதினேழு பேருக்குப் பெயர் இல்லை. 'வேலுச்சாமி பெண்சாதி', 'மேற்படியார் தாயார்', 'மேற்படியார் மருமகள்' என்று இருந்தது. பெயரில்லாதவர் வாக்காளர் அல்லர். பன்னிரண்டு நாளில் பெயர் வராவிட்டால் நானூற்றுப் பதினேழு வரிகளும் அடிக்கப்படும்.

நானூற்றுப் பதினேழு பெண்களுக்கு ஓட்டு இல்லை. அதைவிட அன்று எனக்கு உறைத்தது, என் கையெழுத்துக்கு மேலே நானூற்றுப் பதினேழு பிழை. அன்றைய புத்தி அப்படி. மறைப்பதற்கில்லை.

3

இங்கே குடிநுழைவு அலுவலகத்தில் நாட்டில் தங்குவதற்கான எங்கள் இருப்புச் சீட்டைப் புதுப்பிக்க இதுவரை ஆறு தடவை போயிருக்கிறேன். படிவத்தில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருக்கிறது. அதைத்தான் என் பெயர் என்று எடுத்துக்கொண்டு, "மிஸ்டர் சின்னையா" என்று கூப்பிடுகிறார்கள். அப்பா இறந்து முப்பத்தொரு வருடம். பினாங்கில் அவர் பெயரை உரக்கக் கூப்பிடக் கேட்டு முதல் தடவை எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி முழங்கையால் இடித்தாள். அவள் என் பெயரையும் சொல்ல மாட்டாள், மாமனார் பெயரையும் சொல்ல மாட்டாள். "மாமாவைக் கூப்பிடுறாங்க. எந்திரிச்சுப் போங்க" என்றாள்.

அந்தக் கூடத்தில் நான்கு சன்னல்கள். மூன்றில் ஆண்கள், ஒன்றில் ஒரு பெண். அந்தப் பெண்ணின் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நான் அதில்தான் போய் நிற்பேன். "அப்பாவுக்கு இந்த வயசுல என்ன வேண்டியிருக்கு பாரு" என்று சிதம்பரம் ஒரு நாள் கேலி செய்தான். அன்றைக்கு அவனுக்குக் காரணம் தெரியாது. ஊரிலேயே இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும்.

4

எட்டுப் பேரையும் மறுபடி அனுப்பினேன். ஐந்து நாள் போயிற்று. அடைக்கலம் என்ற ஆள் மட்டும் தொண்ணூற்றாறு பெயரோடு வந்து நின்றான். முத்து முத்தான கையெழுத்து. மற்ற ஏழு பேரும் சேர்ந்து பன்னிரண்டு பெயர்.

அடைக்கலத்தின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து எண்ணினேன். எண்ணாமல் எனக்குத் தூக்கம் வராது. மீனாட்சி, மீனாட்சி, காமாட்சி, மீனாட்சி. ஒரே தெருவில் வரிசையாகப் பதினான்கு மீனாட்சி. ஊர் முழுக்க அறுபத்தொன்று.

"என்னடா இது?" என்றேன்.

அடைக்கலம் நகத்தைப் பார்த்தான். "கதவுக்குப் பின்னால போயிருதுங்க அய்யா. கேட்டா வாயே தொறக்கலை. வீட்டு ஆம்பளைக, அவ பேரு ஒனக்கு எதுக்குடாங்குறாங்க. ஒரு எடத்துல நாயை அவுத்து விட்டாக."

"அதுக்கு?"

"நல்ல பேராத்தானே வச்சேன்."

பெயரில்லாத பட்டியல் குறை. பொய்ப் பெயர்ப் பட்டியல் குற்றம். தேர்தல் நாளில் ஒரு மீனாட்சியைக் கூப்பிட்டால் யார் வருவார்? அத்தனையையும் என் கையாலேயே அடித்தேன். இன்னும் ஏழு நாள்தான் இருந்தது. வீட்டில் என் மனைவி தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு, "பொம்பளைககிட்டப் பொம்பளையை அனுப்புனா என்ன?" என்று மட்டும் கேட்டாள். "ஒனக்கு ஆபீஸ் வேலை தெரியுமா?" என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

சவேரியம்மாள் டீச்சர் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். நான் சுற்றி வளைத்துப் பாதி சொல்வதற்குள், "எங்களால வெயில்ல நடக்க முடியாதே சார்" என்றார்.

ஆசிரியைகள் வேண்டாம் என்ற என் காகிதத்தின் நகல் பள்ளிக்கும் போயிருக்கிறது. எனக்கு அது தெரியாது.

"துணைக்கு ஆள் வேற வேணும். லீவும் கேப்போம்."

"டீச்சர், அது வந்து..."

"நாலாவதுதான் சார் எனக்கு ரொம்பப் புடிச்சது. அதட்ட முடியாதாமே. எதுக்கு அதட்டணும்?"

நானூற்றுப் பதினேழு என்றேன். ஏழு நாள் என்றேன். அடைக்கலத்தின் மீனாட்சிகளையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்புட்டுப் பேருக்குமா ஓட்டு போயிரும்?" என்று கேட்டார். நான் பிழை என்று எண்ணிக்கொண்டிருந்ததை அவர் ஆள் என்று எண்ணினார். அந்த வேற்றுமை அப்போதே எனக்குப் பட்டது.

"நான் வாரேன். இன்னொரு டீச்சரும் வருவாங்க. ஒங்க எட்டுப் பேரும் வேணாம். அந்த மீனாட்சி எழுதுனவரை மட்டும் அனுப்புங்க, எழுத்து நல்லாருக்குமாம். நாங்க கேக்குறதை அவரு எழுதட்டும். ஒங்க நோட்டை ஒரு தடவை காட்டுங்க."

நோட்டைக் காட்டினேன். வீடு வீடாகப் போவதற்கு வசதியாக நானே கோடு போட்டுக் கொடுத்த நோட்டு. முதல் கட்டம் வீட்டு எண், இரண்டாவது கணவர் பெயர், மூன்றாவது பெண்ணின் பெயர்.

டீச்சர் இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தார். "முதக் கேள்வியே வீட்டுக்காரர் பேரு. எந்தப் பொம்பளை சொல்லுவா? வாயைத் தைச்சுவிட்டுட்டு அடுத்ததா ஒன் பேரு என்னன்னா எப்படிச் சொல்லுவா?"

எட்டு ஆண்களும் நான் போட்ட கோட்டின்படி இடமிருந்து வலமாகக் கேட்டிருக்கிறார்கள். நானும் அவர்களும் கணவர் பெயரைச் சொல்லாத மனைவிமாரோடுதான் குடித்தனம் நடத்துகிறோம். ஒன்பது பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

5

டீச்சர் வீடுகளுக்கே போகவில்லை. கடலை பிடுங்கும் பருவம். முந்திரித் தோப்பு நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டிருப்பார்கள். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். அந்த வட்டத்துக்குள் போய் அவரும் ஒரு கொத்துச் செடியை இழுத்துப்போட்டுக்கொண்டு ஆயத் தொடங்கினார். அடைக்கலமும் நானும் பதினைந்து அடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பது உத்தரவு. மைக்கூடு என் கையில்.

"ஒன் பேரு என்ன ஆத்தா?"

"எம் பேரா? அது எதுக்கு டீச்சர்?"

"ஓட்டுப் போட."

"எம் பேருல யாரு போடுவா?"

"நீதான்."

ஆய்ந்து முடித்த செடி ஒன்று பக்கத்தில் விழும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பச் சரி. செவப்பாயி" என்றது குரல்.

"எழுதுங்க, சிவப்பாயி" என்று டீச்சர் எங்கள் முதுகுக்குச் சொன்னார். அடைக்கலம் எழுதினான். நான் ஒன்று என்று எண்ணினேன்.

கணவர் பெயருக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். தன் கணவர் பெயரைத்தானே சொல்லக் கூடாது? அடுத்தவள் கணவர் பெயரைச் சொல்லலாமே. இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, "நீ அவளுக்குச் சொல்லு, அவ ஒனக்குச் சொல்லட்டும்" என்றார். மடமடவென்று வந்தது.

ஓர் இடத்தில் மட்டும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். வட்டம் முழுக்கச் சிரிப்பு.

"என்னாத்தா, ஒருத்திக்கொருத்தி சண்டையா?" என்றார் டீச்சர்.

எதிரில் இருந்தவள்தான் சொன்னாள். "சண்டை என்ன டீச்சர், ரெண்டு பேரு வீட்டுக்காரரும் வெள்ளைச்சாமிதான். இவ அவளுக்கு எப்படிச் சொல்லுவா, அவ இவளுக்கு எப்படிச் சொல்லுவா? நான் சொல்றேன் எழுதிக்க. எங்க வீட்டுல இருக்கவரு வேற ஆளு."

நானும் சிரித்துவிட்டேன். "சார், அங்கிட்டுத் திரும்புங்க" என்று அதட்டல் வந்தது. திரும்பிக்கொண்டேன்.

முதல் நாள் அறுபத்தெட்டு. இரண்டாம் நாள் எழுபத்து நான்கு. சவேரியம்மாள் தினமும் கால் மணி நேரம் தாமதமாக வருவார். கேட்டால் பதில் சொல்ல மாட்டார். நான் சொன்ன வழியில் ஒரு நாளும் போகவில்லை. இரண்டாவது டீச்சர் மூன்றாம் நாள் லீவு கேட்டார். என் மூன்றாவது காரணம் மெய்யாயிற்று என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது. பிறகு பழைய நோட்டைப் புரட்டினேன். எட்டு ஆண்களில் ஐந்து பேர் முதல் வாரத்திலேயே லீவு எடுத்திருந்தார்கள். அதை நான் லீவு என்று எண்ணியிருக்கவில்லை; 'சொந்த வேலை' என்று குறித்திருந்தேன்.

அறுபத்தொரு மீனாட்சிகள் இருந்த ஊரில் உண்மையான மீனாட்சி மூன்று பேர். மற்றவர்கள் அழகம்மாள், பூமாயி, நல்லம்மாள், கருத்தாயி என்று ஆளுக்கொரு பெயரோடு இருந்தார்கள். இத்தனை நாளும் இருந்தார்கள்.

6

ஆறாம் நாள் மாலை எண்ணினேன். நானூற்றுப் பதினாறு. மூன்று தடவை எண்ணினேன். நானூற்றுப் பதினாறுதான்.

"ஒண்ணு குறையுது டீச்சர்."

"குறையுதுதான். ஒங்க வீட்டுல" என்றார்.

அடைக்கலத்தின் அழகான எழுத்தில், எங்கள் தெருப் பக்கத்தில் அந்த வரி இருந்தது: 'மேற்பார்வை அய்யா பெண்சாதி'. அவன் என் வீட்டுக்கு வந்த அன்று நான்தான் தின்பண்டம் கொடுத்து, "உள்ளே ஒரு ஆள், எழுதிக்கொள்" என்று அனுப்பியிருந்தேன். பேனாவைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த பெயர்தானே, எழுதிவிட்டால் போயிற்று.

டீச்சர் நோட்டின் மேல் கையை வைத்தார். "அவங்க சொல்லணும் சார். நீங்க எழுதினா அதுவும் மீனாட்சிதான்."

மூன்று பேருமாக என் வீட்டுக்குப் போனோம். என் மனைவி அடுப்படி நிலையில் நின்றாள். டீச்சர் கேட்டதும் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்து, "வள்ளிக்கண்ணு" என்றாள். அடைக்கலம் எழுதினான்.

"வீட்டுக்காரர் பேரு நான் சொல்றேன்" என்று டீச்சர் என் பெயரை அய்யா இல்லாமல், சார் இல்லாமல், வெறும் பெயராகச் சொன்னார். அடைக்கலம் இருமினான். நான் கூரையைப் பார்த்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் மனைவி அன்றைக்குச் சிரித்ததைப் போல ஒரு நாளும் சிரித்ததில்லை.

நானூற்றுப் பதினேழு. ஒரு நாள் கையிருப்பாகவே இருந்தது. பட்டியல் மேலே போனது, திரும்பி வரவில்லை. அந்த நானூற்றுப் பதினேழு பெயர்களுக்கும் நான் எனக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

தேர்தல் அன்று எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. காலை ஒன்பது மணிக்கு எண்ணினேன். பெண்கள் வரிசையில் நாற்பத்து மூன்று பேர் அதிகம். உள்ளேயிருந்து ஒருவர் பட்டியலைப் பார்த்து உரக்கப் படித்தார்: "வள்ளிக்கண்ணு." ஊர் ஆண்கள் அத்தனை பேரும் நிற்கும் இடத்தில் அந்தப் பெயர் எழுந்து போயிற்று. "இங்கிட்டு இருக்கேன்" என்று அவள் கையைத் தூக்கினாள். என் மார்பு விம்மியதை இப்போது எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

அதன் பிறகு ஓய்வு பெறும் வரை ஐந்து பட்டியல் வேலைகள் என் கைக்கு வந்தன. ஐந்திலும் ஆசிரியைகளை நானே எழுதிக் கேட்டேன். அடைக்கலமும் "டீச்சரோடயே போடுங்க அய்யா, தனியாப் போனா வீட்டுக்கு வீடு ஏச்சு, அங்க ஒருத்தர்கிட்டதான்" என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

7

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். "அது ஊரு, அது அந்தக் காலம்" என்றான். பெட்டியைத் திறந்து நகலை எடுத்துக் காட்டினேன். ஆறு வயதுப் பேத்தி அதை என் மடியில் வைத்து எண்ணத் தொடங்கினாள். இருபத்தொன்பது வரை தமிழில் எண்ணினாள், முப்பது வராமல் 'தர்ட்டி' என்று இங்கிலீஷுக்குத் தாவினாள். இவள் எண்ணிக்கை எந்த மொழியில் போய் முடியுமோ என்ற கவலை வேறு எனக்கு. மகனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "ரெண்டு பேரையும் எண்ண விடு. பாத்துட்டு முடிவு பண்ணு."

மேலே எழுதியது ஞாயிற்றுக்கிழமை தொடங்கி நான்கு நாளில் எழுதியது. இன்று வெள்ளி. மதியச் சாப்பாட்டுக்குச் சிதம்பரம் வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அரிசி மூட்டை எறங்குச்சுப்பா. மூணு பேரும் தனித்தனியா எண்ணுனோம். நான் அறுநூத்தி நாப்பது. அந்த ஆம்பளையும் அறுநூத்தி நாப்பது. அந்தப் பொண்ணு மட்டும் அறுநூத்தி முப்பத்தெட்டு."

"சரி."

"மறுபடி எண்ணுனோம். முப்பத்தெட்டுதான். நான் ரெண்டு கூட எண்ணிட்டேன். அவன் எண்ணவேயில்லை, நான் குறிச்சுவச்ச பலகையை எட்டிப் பாத்து எழுதியிருக்கான்."

பினாங்கிலும் ஒரு மீனாட்சி. அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"அந்தப் பொண்ணையே எடுத்துக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றான். "வெயில்ல மூணு மணி நேரம் நின்னுச்சு. நான்தான் நெழலுக்குப் போனேன். தலைவன்கிட்டயே தப்புன்னு சொல்றியான்னு அதட்டிக்கூடப் பாத்தேன். மறுபடி எண்ணுங்கன்னு சொல்லுச்சு."

வள்ளிக்கண்ணு சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். "அந்தப் பிள்ளை பேரு என்னப்பா?"

"பேரா? சீனப் பொண்ணும்மா. என்னமோ... மேசையில தாள்ல இருக்கு."

"அஞ்சு நாளா அந்தப் பொண்ணு, அந்தப் பொண்ணுங்குறே. பேரு தெரியாது?"

"வாயில நுழையலைம்மா."

அவள் பாத்திரத்தை மூடினாள். "போய்க் கேட்டுட்டு வா. தாளைப் பாத்துட்டு வராதே, கேட்டுட்டு வா. வந்து சாப்பிடலாம்."

நாற்பது வயதை நெருங்கும் மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு நிமிடம். திரும்பி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னான்: "லிம் சூ லான்."

வள்ளிக்கண்ணு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. பிறகு பாத்திரத்தைத் திறந்து அவனுக்குப் பரிமாறினாள்.

நகலின் கடைசிப் பக்கத்தில் வள்ளிக்கண்ணுக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. நானூற்றுப் பதினெட்டு என்று எண்ணைப் போட்டு, அந்தப் பெயரை எழுதினேன்.